பல்லுக்காரரின் மோட்டார் சைக்கிள்

எங்கள் தெருவில் வாய்விட்டுச் சிரிக்கிற கிழவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு ஒரே மனிதரின் கைவேலை. என்னுடையதும் அதில் சேர்த்தி. அவர் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் வடிவம் செய்து, பல் அடுக்கி, ரோஸ் நிற ஈறு கட்டிக் கொடுப்பது அவர் வேலை. யாருக்காகச் செய்கிறாரோ அவர்களுடைய முகத்தைப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கடைவீதியில் ஒருவர் கொட்டாவி விட்டால் போதும், "அந்தக் கீழ் செட் நம்மளோடது" என்று காதோடு சொல்லுவார். தெருவுக்கு அவர் பல்லுக்காரர். வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் எதிர்வீடு. வானிலை நிலையத்தில் மழையை அளந்து எழுதிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். அளக்காத மழையை எழுதக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் விதி. ஆகவே இங்கே நான் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பிறர் சொல்லிக் கேட்டது என்றால் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவருடைய பட்டறை வீட்டின் பக்கவாட்டு அறை. நீள மேசை, அதன் ஒரு முனையில் மெருகேற்றும் மோட்டார், மறு முனையில் மெழுகு உருக்கும் விளக்கு. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளை பிளாஸ்டர் அச்சுகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அங்கே திறந்தபடி இருக்கும். ஒன்றும் பேசாது.

"பொருத்தம்னா என்னன்னு நெனைக்கறீங்க சார்?" என்று ஒரு முறை கேட்டார். என் மேல் செட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயில் பல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், பதில் சொல்ல வழியில்லை. அவரே சொன்னார்: "அசையக் கூடாது. ஒரு முடி அளவு அசைஞ்சாலும் அது பொருத்தம் இல்ல. வாய்க்குள்ள இன்னொருத்தர் குடியிருக்கற மாதிரி ஆயிடும்."

அவர் மனைவி தையற்காரி. பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைத்துக் கொடுப்பார். தையல் மெஷின் இருக்க வேண்டிய இடம் உள்ளறை என்று பல்லுக்காரர் தீர்மானித்திருந்தார். அங்கே வெளிச்சம் போதாது. ஆகவே காலையில் அந்த அம்மா மெஷினை முன்னறை ஜன்னலுக்கு இழுத்து வருவார். மாலையில் பட்டறையைப் பூட்டியதும் பல்லுக்காரர் அதை உள்ளே தள்ளிவிடுவார். முன்னறை வருகிறவர்கள் உட்காருவதற்கு என்பது அவர் கட்சி. வந்தவர்கள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான், நானும் பட்டறையில்தான் உட்காருவேன். அவர்கள் இருவரும் சண்டை போட்டு ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. அந்த மெஷினின் இரும்புக்கால் தரையில் உராயும் சத்தம்தான் கேட்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

பிறகு அந்த அம்மாவின் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. பார்த்துக்கொள்ளப் போனார், பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு. அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. ஒரு நாள் மெஷினை எடுத்துப் போக ஒரு சிறிய வேன் வந்தது. பல்லுக்காரரே அதைக் கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டி ஏற்றினார். "மேடு பள்ளத்துல மெதுவா போப்பா. பெல்ட்டைக் கழட்டித் தனியா வெச்சிருக்கேன், சொல்லிடு" என்று டிரைவரிடம் சொன்னதை என் வாசலிலிருந்து கேட்டேன். வேன் போன பிறகு அவர் கையில் மிச்சக் கயிற்றோடு கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அதைச் சுருட்டி முடிச்சுப் போட்டு உள்ளே எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சத்தமே இல்லை. மெருகேற்றும் மோட்டாரின் இரைச்சல் நின்றுவிட்டால் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும். மதியம் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வரும். அதைப் பட்டறை மேசையிலேயே, மெழுகுக் கத்திகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். சாப்பாட்டு மேசை சுத்தமாக, துடைத்தபடியே கிடந்தது.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு நாள் என் கீழ் செட் ஈறில் உரசுகிறது என்று போயிருந்தேன். அவர் இரண்டு கையாலும் பிளாஸ்டர் குழைத்தபடி இருந்ததால், போனை என்னைத்தான் அழுத்தச் சொன்னார், ஸ்பீக்கரில். மனைவிக்கு. மாதம் ஒரு முறை பேசுவார்கள், தண்ணீர் வரி, வங்கி விஷயம் என்று. அன்றைக்கு அதெல்லாம் முடிந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"எப்ப வர்றே?"

"எங்க?"

"வீட்டுக்குத்தான்."

"வந்து?"

பல்லுக்காரர் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார். பிளாஸ்டர் இறுக ஆரம்பித்துவிட்டது. "வந்து... உக்காந்து பேசலாம்ல."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். சந்தோஷச் சிரிப்பு அல்ல. "பேசறதா? நீங்களா? பின்னாடி ஒரு வண்டியை நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அது என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு வாங்க, பேசலாம்."

போன் வைக்கப்பட்டது. பல்லுக்காரர் என்னைப் பார்த்தார். "வண்டியை ஓட்டிட்டு வரச் சொல்றா."

"ஓடவே ஓடாதுங்கற நம்பிக்கைல சொல்றாங்க" என்றேன்.

"ஓடும் சார்" என்றார். இறுகிப்போன பிளாஸ்டரைத் தட்டித் தொட்டியில் கொட்டினார். அவர் பிளாஸ்டரை வீணாக்கி நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடப்பட்டுவிட்டது. கல்யாணமான புதிதில் பழைய வண்டியாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏரிக்கரை வரை போய் வருவார்கள். பின்னால் உட்கார்ந்து அந்த அம்மா பேசிக்கொண்டே போவார். காற்றில் இவருக்குப் பாதிதான் கேட்கும். பாதிக்கு "ஆமா" என்பார், மீதிக்கு "அப்படியா" என்பார். இதை அந்த அம்மாவே என் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பிறகு பின்சக்கரத்தில் லேசாக ஓர் ஆட்டம் இருப்பதாக இவருக்குத் தோன்றியது. மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். இன்னொரு மெக்கானிக் இந்த வண்டிகளுக்கு அவ்வளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும் என்றார். பல்லுக்காரர் ஒப்பவில்லை. ஆட்டம் சரியான பிறகுதான் ஓட்டுவது என்று பின்கட்டில் நிறுத்தினார். அதாவது, ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தினார். நின்றது நின்றதுதான், இருபத்திரண்டு வருடம்.

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கியபோது நானும் கூட இருந்தேன். விலக்கினோம் என்று சொல்வது சரியல்ல, தொட்ட இடமெல்லாம் கையோடு கிழிந்து வந்தது. இரண்டு டயரும் இற்று, சக்கரத்தின் இரும்பு விளிம்பு மண்ணில் புதைந்திருந்தது. ஒரு கொடி ஸ்போக் கம்பிகளைப் பிடித்து ஏறி ஹேண்டில்பாரில் பூத்திருந்தது. சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் டேங்கைக் குலுக்கினால் உள்ளே சருகு மாதிரி துரு சலசலத்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சீட்டைக் கழற்றியதும் எலிக்கூடு. பஞ்சோடு சேர்ந்து நிறைய துணித் துண்டுகள் வந்தன. சீருடை நீலம், திரைச்சீலைப் பூப்போட்டது, ஏதோ குழந்தைச் சட்டையின் மஞ்சள். எல்லாம் அந்த அம்மா வெட்டிப் போட்ட கழிவு. எலி பல வருடமாகச் சேர்த்திருக்கிறது. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார்.

"எண்ணெய் துடைக்கத் துணி வேணுமே" என்றார், நான் கேட்காமலே.

எஞ்சின் வேலைக்கு லேத்துக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பல்லுக்காரரே, இதுக்கு வேர் எல்லாம் போயிடுச்சு. பிடுங்கிட்டு வேற கட்டிக்கலாம்" என்றார்.

"இதுவே வேணும்."

"ராசியான வண்டியோ?"

பல்லுக்காரர் குனிந்து சக்கரத்தின் மண்ணைத் தட்டினார். லேத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர் கிண்டல் செய்யவில்லை. மற்ற விஷயங்களில் செய்தார்.

பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவைத்தார்கள். பிஸ்டன் அசையவில்லை. கடைசியில் மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் இறக்கினார்கள். எஞ்சின் பிரிந்து பட்டறை மேசைக்கு வந்தது. பல் அச்சுகளை அடுக்கிய கையாலேயே போல்ட்டுகளை வரிசைப்படுத்தினார். பகலில் பல் வேலை, மாலையில் வண்டி வேலை. அலுமினிய மூடிகளைப் பல்லுக்கு மெருகு போடும் சக்கரத்திலேயே கொடுத்து மெருகேற்றினார். பல்லைவிடப் பளபளத்தன.

கிக்கருக்குள் பல்சக்கரத்தைப் பிடிக்கிற சின்னக் கொக்கி ஒன்று உடைந்திருந்தது. லேத்துக்காரர் பழைய இரும்புக் கடை எல்லாம் தேடிவிட்டு, கிடைக்காது, கடைந்தும் எடுக்க முடியாது என்று கையை விரித்தார். பல்லுக்காரர் உடைந்த துண்டுகளை ஒட்டி, அதிலிருந்து மெழுகில் அச்செடுத்து, பல் தகடு வார்க்கிற உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்துவிட்டார். லேத்துக்காரர் அதன்மேல் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். அரம் வழுக்கியது.

"இதை யாரோட வாய்ல வெக்கறதா இருந்தீங்க?" என்றார்.

பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. அதையும் ஈறு செய்கிற பசையிலேயே, சாயம் கலந்து செய்தார். சாயம் எவ்வளவு கலந்தும் அசல் சிவப்பு வரவில்லை. ரோஸ் நிறத்தில்தான் வந்தது.

அதைப் பார்க்கவென்றே வந்தவர் போல ஒரு நாள் அவருடைய சகலை வந்தார். மனைவியின் அக்கா கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், தெருமுனையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சகலை, வண்டிக்கு ஈறு கட்டியிருக்கீங்களாமே! எங்க, சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்!"

"உக்காருங்க" என்றார் பல்லுக்காரர்.

"உக்கார்றது இருக்கட்டும். இது ஓடுமா?"

"ஓடும்."

"ஓடி?"

பல்லுக்காரர் ஒரு போல்ட்டைத் துடைத்தபடி இருந்தார், அந்த நீலச் சீருடைத் துணியால். சகலை அந்தத் துணியைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். அவ்வளவு தாழ்ந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அவ விளையாட்டா சொன்னது சகலை. நீங்க இப்படி ராப்பகலா உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா சங்கடப்படுவா."

"அவகிட்ட சொல்லாதீங்க."

"நான் சொல்லாம இருக்கறதா!" என்று சகலை தன்னைத்தானே கேட்டுக்கொண்டு சிரித்தார். போய் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

இனி அந்தப் பிஸ்டன் விஷயம். சிலிண்டரைக் கடைந்து சீராக்கி, புதுப் பிஸ்டன் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று பேச்சு வந்தது. லேத்துக்காரர் ஆயிரத்தில் நாலு என்றார். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் நாலு பங்கு. ஒரு காகிதத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு போதும்" என்றார் பல்லுக்காரர்.

"ரெண்டு பத்தாது. நாலு விடணும்."

"நாலு விட்டா ஆடும்."

"ஆடட்டும். ஆடினாத்தான் ஓடும்."

"அப்ப அது பொருத்தமே இல்ல."

லேத்துக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பல்லுக்காரரே, வாய் சூடாகாது. இது சூடாகும். சூடானா பிஸ்டன் பெருக்கும். பெருக்கறதுக்கு எடம் வேணாமா?"

"அதுக்கு ரெண்டு இருக்குல்ல."

இந்த வாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் லேத்துக்காரர், "உங்க வண்டி, உங்க வாய்" என்று ரெண்டுக்கே கடைந்து கொடுத்துவிட்டார். பிஸ்டனை உள்ளே இறக்கிக் காட்டினார் பல்லுக்காரர். காற்று கூடப் போகாத மாதிரி, எண்ணெயில் நழுவி மெதுவாக இறங்கியது. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அன்றைக்கு அவர் முகம் தெளிந்திருந்தது.

வண்டி கிளம்பிய நாள் நான் வாசலில் இருந்தேன். எத்தனையாவது மிதியில் என்று எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. முதலில் ஒரு தும்மல், நீலப் புகை, பிறகு நிதானமான தட் தட் சத்தம். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. லேத்துக்காரர் கைதட்டினார். பல்லுக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதில் ஆட்டம் இல்லை. தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் போன் செய்தார்.

"ஓடுது" என்றார்.   அதற்கு அந்த அம்மா, "அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். காலரில் பேனா கறை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். "மதியம் அங்கதான் சாப்பாடு" என்றார். யாரும் அழைத்ததாகச் சொல்லவில்லை.

இதற்குப் பின் நடந்தது அவரே சொன்னது. பாதி தூரம் நன்றாகவே போனார். வெயில் ஏறிவிட்டது. ஒரு நீண்ட மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரு முறை முனகியது, பின்சக்கரம் இறுகி வண்டி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பஞ்சர் கடை ஒன்று பூட்டிக் கிடந்தது, அதன் நிழலில் உட்கார்ந்தார். சூடு ஆறியதும் கிக்கர் இறங்கியது. ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இறுகியது. மூன்று முறை இப்படி. ஒவ்வொரு முறையும் ஆறும் வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்றது?"

"வழியில நின்னுடுச்சுன்னு."

 அன்று மாலை ஒரு சரக்கு வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இஸ்திரிச் சட்டை முழுக்க எண்ணெய். நான் கொண்டு போன டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கே நடந்தது சகலை சொன்னது. அந்த அம்மா காலையிலிருந்து தைக்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்தபடியே விட்டுவிட்டு இரண்டு முறை வாசலுக்கு வந்தார். மதியம் நாலு பேருக்கும் தட்டு வைத்தார். பசித்தவர்கள் சாப்பிட்ட பிறகு, நாலாவது தட்டைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். "அவர் வரமாட்டார் அத்தான். ஏதாவது ஒண்ணு சரியில்லாம இருந்திருக்கும், சரி பண்ணிட்டு வரலாம்னு நின்னுருப்பார்" என்றாராம். போன் செய்யட்டுமா என்று சகலை கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

சகலை இதை என்னிடம் போனில் சொன்னார். எதிர்வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பிறகு போய்ச் சொன்னேன், தட்டு விஷயத்தையும் சேர்த்து. பல்லுக்காரர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாலாவது தட்டா?"

"ஆமா."

அன்று மாலை லேத்துப் பட்டறைக்கு அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். லேத்துக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தார். பக்கவாட்டில் நகம் பிறாண்டிய மாதிரிக் கோடுகள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தோம். பிஸ்டனைத் துணியில் துடைத்து மேசையில் வைத்தார்.

"பல்லு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு விடுங்க" என்றார் பல்லுக்காரர்.

கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து, சிலிண்டரை நாலுக்கு விரித்து மாட்டினார்கள். கிளப்பியபோது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், உள்ளே கடகடவென்று லேசாக ஒரு சத்தம். பல்லுக்காரர் முகம் சுருங்கியது.

"என்ன இது, லொடலொடன்னு?"

"நீங்க கேட்ட நாலு. சூடாகட்டும், அடங்கிடும்."

"அடங்கற வரைக்கும்?"

"அது வரைக்கும் காதைப் பொத்திக்கோங்க. இல்லன்னா ஒரு பாட்டுப் பாடிக்கோங்க."

அந்தச் சத்தத்தோடு அவர் தினமும் காலையில் வண்டியைத் தெருவில் ஓட்டிப் பழகினார். முதல் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார் என்று நினைக்கிறேன், தாடை இறுகியிருக்கும்.

இரண்டாம் முறை போனபோது போன் செய்யவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு வந்தபோது தெருமுனையில் அந்த ரோஸ் நிற விளக்கு திரும்பிக்கொண்டிருந்தது.

அங்கே நடந்ததை அவரும் சகலையும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சத்தம் கேட்டதும் அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியோடு வாசலுக்கு வந்தார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். டேங்கைத் தொட்டுப் பார்த்தார். பின்விளக்கைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சகலை "நான் சொல்லல?" என்றார். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு சகலையும் அக்காவும் உள்ளே போய்விட்டார்கள். போனாலும் காது இங்கேதான் இருந்தது என்று சகலையே ஒப்புக்கொள்கிறார்.

"வண்டி ஓடுது" என்றாராம் அந்த அம்மா. "சொல்லுங்க."

பல்லுக்காரர் பேசினார். குளவிக்கூட்டைப் பற்றி, டேங்கின் துருவைப் பற்றி, கொக்கி வார்த்ததைப் பற்றி, ரெண்டுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி, மேட்டில் நின்றுபோனதைப் பற்றி. சகலையின் கணக்கில் அரை மணி நேரம் பேசினார். அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். டீ ஆறிப் போனது.

"இவ்ளோ பேசுவீங்களா நீங்க!" என்றார் கடைசியில். "எல்லாம் இரும்பைப் பத்தி."

பல்லுக்காரர் டம்ளரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். தினம் சாயங்காலம் என் மெஷினை உள்ள தள்ளுவீங்களே, ஏன்?"

"முன்ரூம்ல யாராவது வந்தா..."

"யாரு வந்தா?"

 அந்த அம்மா காத்திருந்தார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். பிறகு அந்த அம்மா, "இருட்டறதுக்குள்ள கிளம்புங்க, முன்விளக்கு மங்கலா இருக்கு. யோசிச்சிட்டு வாங்க" என்றார். வாசல் வரை வந்தார். பின்சீட்டில் ஒரு கையை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் என் வீட்டுக்குள் வந்து அவர் உட்கார்ந்ததில்லை. "ஏன் தள்ளினேன் சார்?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இருந்ததை இருவரும் சாப்பிட்டோம்.

அது முதல் ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் தயார் செய்துகொண்டு போவார். வீடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக என்று ஒரு முறை சொன்னார். அந்த அம்மா "அது பதில் இல்ல" என்றார். தன் அப்பா வீட்டில் அப்படித்தான் வழக்கம் என்று இன்னொரு முறை. "உங்கப்பா வீட்ல மெஷினே இல்லையே" என்றாராம். சகலைக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே குஷி, உள்ளே உட்கார்ந்து மார்க் போடுகிறார். வெளிச்சம் இருக்கும்போதே பல்லுக்காரர் திரும்பிவிடுவார். பின்சீட் காலியாகத்தான் வரும். வண்டியைத் துடைத்து உள்ளே தள்ளிவிட்டுப் பட்டறை விளக்கைப் போடுவார். பிறகு மோட்டார் இரைச்சல். இதை எழுதும் வரை அந்த அம்மா வரவில்லை.

இன்று காலை கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன பதில்?" என்று கேட்டேன்.

"தெரியலைன்னு சொல்லப் போறேன் சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்." கிக்கரில் காலை வைத்தவர் மிதிக்காமல் நின்றார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தெரியலைன்னு அவகிட்ட ஒரு தடவ கூடச் சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னே புரியல. தெரியலன்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன சொல்லணும்?"

"அப்புறம் அவங்க ஏதாவது சொல்லுவாங்க" என்றேன்.

"அதைக் கேக்கணுமா?"

"கேக்கணும்."

தலையை ஆட்டிக்கொண்டார். மிதித்தார், வண்டி கிளம்பியது. அது சூடாகும் வரைகூடக் காத்திராமல், கடகடவென்ற சத்தத்தோடேயே தெருவைத் தாண்டிப் போனார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, விளக்கைப் போட வேண்டும். எதிர்வீட்டுக் கதவு பூட்டியபடி இருக்கிறது. அவர் இன்னும் திரும்பவில்லை.